கேட்காமல் போட்ட டிக்

போன மாதம் நான் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து போன் வந்தது. என் இடத்துக்கு மருந்தாளுநராக வந்திருக்கும் பெண் பேசினாள். பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்களாம். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பெற்றோருக்கு விளக்க ஒரு வீடியோவும் எடுத்துவிட்டார்களாம். இனிமேல் அதைப் போனில் அனுப்பிவிட்டால் போதுமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், 'திருப்பிச் சொன்னார்'னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டம் இருக்குது. ஒண்ணு போதாதா? தப்பா அச்சடிச்சிட்டாங்களா?"

அச்சில் தப்பில்லை, இரண்டாவது கட்டத்தை நான்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தேன் என்றேன். எதற்கு என்றாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு நான்கு வரி எழுத உட்கார்ந்தவன் இவ்வளவும் எழுதிவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். "உங்களுக்குப் பொண்ணு குடுக்கும்போதே எங்க நைனா ஒரு பூட்டும் சேத்துக் குடுத்திருக்கணும்" என்பாள் என் மனைவி. இரண்டு வருட டிப்ளமோ முடித்து, செஞ்சியிலும் திண்டிவனத்திலும் மெடிக்கல் ஷாப்புகளில் இருபது வருடத்துக்கு மேல் காய்ச்சல் மாத்திரையும் பூச்சி மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். ஐம்பதை நெருங்கும்போதுதான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாடி. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும், கீழே பஸ் ஹாரன் கேட்கும். பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ஒரு டாக்டரம்மா புதுச்சேரியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகள், ஏடிஎச்டி என்று சொல்கிறார்களே, அவர்கள்தான் அதிகம்.

அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு டாக்டரம்மா எழுதுகிற மருந்து மெத்தில்பெனிடேட். மூளையை ஊக்குகிற வகை. தவறான கைக்குப் போனால் போதைக்கும் பயன்படும் என்பதால் சட்டம் அதைக் கடுமையான அட்டவணையில் வைத்திருக்கிறது. சீட்டு இரண்டு படி எழுத வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. என் படியை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை பூட்டிய அலமாரியில் தனியாக இருக்க வேண்டும். யாருக்கு எத்தனை போனது, மீதி எத்தனை என்று தனிப் பதிவேடு. எழுதியதை அழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, தப்பு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தேன் என்பதை டாக்டரம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

ஒருமுறை ஓர் இன்ஜினியரிங் மாணவன் வந்தான். யாருடைய சீட்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, செமஸ்டர் முடியும்வரைக்கும் மட்டும் கொடுங்க அங்கிள் என்றான். கொடுக்கவில்லை. கோபத்தில் என்னவோ முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் கீழே காத்திருப்பானோ என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அலமாரி விஷயத்தில் இருந்த பயமெல்லாம் இந்த மாதிரிதான். மாத்திரை வெளியே போய்விடக் கூடாது என்ற பயம். முறையாக வெளியே போன மாத்திரை வீட்டுக்குள் என்ன செய்யும் என்று பயப்பட எனக்கு அப்போது தெரியவில்லை.

டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்து வந்து பிள்ளையின் பக்கத்தில் போட்டுக்கொள்வார். பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் தகப்பன் குறை சொல்லத் தொடங்கினால், "அத அப்புறம் பேசலாம்" என்று கையை லேசாக உயர்த்துவார். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் பார்த்தே ஆக வேண்டும். பசி குறையும், தூக்கம் கெடும், அதனால் எடையில் கண் வைக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று நெஞ்சு அடைத்து இறந்தார்களா என்று கேட்காமல் முதல் சீட்டு எழுத மாட்டார்.

நான் சேர்ந்த வாரமே என்னை உட்கார வைத்து அந்த மருந்தை விளக்கினார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனிக்கு நுனி, தொடாமல் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். இந்த விரல் ஒரு நரம்பணு, அந்த விரல் அடுத்தது. நடுவில் உள்ள சந்தைத் தாண்டித்தான் சேதி போக வேண்டும். அதற்காக முதல் விரல் சில ரசாயனங்களைச் சொட்டுகிறது. டோபமின் ஒன்று, நார்அட்ரினலின் ஒன்று. சேதி போனதும் சொட்டிய விரலே அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மாத்திரை போய் அந்த உறிஞ்சும் வாய்களை அடைத்துக்கொள்கிறது. அதனால் ரசாயனம் சந்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் 'இதைக் கவனி, அதை விடு, கொஞ்சம் பொறு' என்று சொல்கிற இடம். அங்கே சேதி சரியாகப் போய்ச் சேர்ந்தால் பிள்ளையால் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு இருக்க முடிகிறது.

ஊக்குகிற மருந்து துள்ளுகிற பிள்ளையை எப்படி அடக்கும் என்று கேட்டேன். எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்விதான். அடக்குவதில்லை, பொறு என்று சொல்கிற அந்த இடத்துக்குத்தான் ஊக்கம் போகிறது என்றார். டோபமின் குறைச்சல் என்று ஒரே வார்த்தையில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள், முழுக் கதையும் இன்னும் எங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். பிறகு இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். அளவோடு இருந்தால் மனம் குவியும், அளவு மீறினால் அதே ரசாயனம் மனத்தைச் சிதறடிக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். இரண்டாவது, சாதாரண மாத்திரைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் ஆயுள். அப்புறம் அடைத்த வாய்கள் திறந்துகொள்ளும். நாளைக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக அவருடைய வழக்கம் ஒன்று. மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன், நான் சொன்னதைப் பெற்றோர் அவர்கள் பேச்சிலேயே எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் டிக். "தலையாட்டுறது பதில் இல்ல சார்" என்பார். அப்போது ஒரு கட்டம்தான் இருந்தது.

விரல் விளக்கம் டாக்டரம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கு வரவில்லை. நான் விரலை நீட்டினால் ஜனங்கள் என் மோதிரத்தைப் பார்த்தார்கள். எங்களிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் பயிர் வைக்கிறவர்கள். அதனால் நான் ஏரியைக் கொண்டு வந்தேன். மூளையில் ஒரு தண்ணீர் வேண்டியிருக்கிறது, உன் பிள்ளைக்கு அது வந்த வேகத்தில் வடிந்துவிடுகிறது, மாத்திரை மதகை அடைக்கிறது, தண்ணீர் நிற்கிறது. சொன்னதும் முகங்கள் தெளிந்துவிடும். எனக்கு அதில் பெருமையென்றால் அப்படி ஒரு பெருமை. டாக்டரம்மாவிடமே ஒருநாள் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கேட்டவங்க என்ன புரிஞ்சிக்கிட்டாங்கன்னு பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

கௌசல்யா தளவானூரிலிருந்து வந்தாள். அப்போது ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. அவள் துள்ளுகிற பிள்ளை இல்லை, அதனாலேயே யாரும் வெகுநாள் கண்டுபிடிக்கவில்லை. மாதம் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைப்பாள். வகுப்பில் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள். ஒருநாள் ஏதோ யோசனையில் ரோட்டைக் கடந்திருக்கிறாள், லாரிக்காரர் பிரேக் பிடித்ததால் பிழைத்தாள். அவளுடைய அம்மா அஞ்சலை, குத்தகைக்கு எடுத்த ஒன்றரைக் காணி நிலத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. லாரி சம்பவத்துக்குப் பிறகு அஞ்சலையால் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வயலில் நிம்மதியாகக் குனிய முடியவில்லை.

டாக்டரம்மா மூன்று முறை வரவழைத்து, பள்ளி டீச்சரிடமிருந்து படிவம் வாங்கி, எல்லாம் பார்த்த பிறகு சிறிய அளவில் தொடங்கினார். பிறகு காலையில் சாப்பிட்டதும் ஒன்று, மதியம் ஒன்று என்று கூட்டினார். இரண்டாவது மாதம் வந்தபோது அஞ்சலையின் முகமே மாறியிருந்தது. பெண் நோட்டில் முழுப் பக்கம் எழுதுகிறாளாம், ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறாளாம். ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கிற ஒரு நல்ல பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத டீச்சரே விண்ணப்பம் போட்டுவிட்டார் என்றும் சொன்னார்.

அளவு கூட்டிய அந்த வெள்ளிக்கிழமைதான் நான் கோட்டை விட்டது. கிளினிக்கில் நிற்க இடமில்லை. அஞ்சலை கையில் சீட்டோடு, பஸ் போய்விடும் சார் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கௌசல்யா பக்கத்தில் நின்று, சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியைச் சொன்னேன், மதகைச் சொன்னேன், அளவு மீறக் கூடாது, நாள் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது என்று வேகமாக ஓட்டினேன். புரிந்ததா என்றேன். தலையாட்டினார். கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஓடுங்க ஓடுங்க என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கட்டத்தில் டிக் போட்டேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன், அந்த டிக்கை ஒரு நொடிகூட யோசிக்காமல் போட்டேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, செஞ்சியிலேயே ஒரு பள்ளியில். காலை பத்தரை இருக்கும். நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். மாத்திரை உறையில் என் நம்பர் எழுதியிருக்கும். தேர்வு நடந்த பள்ளியின் டீச்சர் ஒருவர் அதைப் பார்த்துப் போன் செய்தார். உங்களிடம் மருந்து வாங்குகிற பெண் தேர்வு அறையில் உட்கார முடியாமல் நடுங்குகிறாள், வாந்தி எடுத்தாள், பேச்சை நிறுத்த மாட்டேன் என்கிறாள், என்ன மருந்து அது என்று கேட்டார். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

கௌசல்யா ஆபீஸ் ரூம் பெஞ்சில் இருந்தாள். கண்ணின் கருமணி பெரிதாகியிருந்தது. உதடு வறண்டு, விரல் நகத்தோரம் ரத்தம் வருமளவு பிய்த்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "சார், என் நெஞ்சுக்குள்ள மோட்டார் ஓடுது" என்றாள். மணிக்கட்டைப் பிடித்தேன். என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். நூற்று ஐம்பது வந்தது.

வாசலில் காத்திருந்த அஞ்சலையும் நானும் ஆட்டோ பிடித்து அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகும்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எத்தனை மாத்திரை, எப்போது என்று முதலில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அஞ்சலை நான்கு என்று விரலைக் காட்டினார். காலை எட்டு மணிக்கு நான்கும் ஒன்றாக. ஆஸ்பத்திரியில் இறங்கியதும் டாக்டரம்மா அங்கிருந்த டியூட்டி டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இசிஜி எடுங்கள், கால் மணிக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் பாருங்கள், வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் வையுங்கள், நான் கிளம்பிவிட்டேன் என்றார்.

அந்த அறையில் நான் நின்ற நேரம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. கௌசல்யா நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். தேர்வில் கேட்ட கணக்கு, ஓடு வேய்ந்த கூரையில் எத்தனை ஓடு, அவள் வளர்த்த நாய்க்குட்டி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. நர்ஸ் கால் மணிக்கு ஒருமுறை எழுதிய எண்களை நான் எட்டி எட்டிப் பார்த்தேன். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்தெட்டு. ஒருமுறை நூற்று ஐம்பத்தாறு ஆனபோது நர்ஸை மறுபடி எண்ணச் சொன்னேன். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று முதல் நாள் கேட்ட கேள்விக்கு அவர்கள் இல்லை என்று சொன்னதை நினைத்து நினைத்து, அது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் அஞ்சலை தரையில் உட்கார்ந்திருந்தார். ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது, அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அவர் அழாமல், ஒரு கணக்கை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"ஒரு வாரமா குடுக்கல சார். காயப் போட்டேன். மணிலாவுக்கு மொளச்சி வந்ததும் தண்ணி காட்டாம காயப் போடுவோம் இல்ல. அப்புறம் பூ வுடற சமயத்துல நல்லா பாய்ச்சினா காய் நெறைய புடிக்கும். இன்னிக்குத்தான பரீட்சை. அதான் சேத்துக் குடுத்தேன். நீங்கதான சார் தண்ணின்னு சொன்னீங்க?"

அவர் அசட்டையாக இருக்கவில்லை. நல்ல விவசாயி என்ன செய்வாரோ அதைத்தான் செய்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம் நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைத்திருந்தால், "தண்ணி மாதிரின்னா காயப் போடலாமா?" என்று அங்கேயே வெளிவந்திருக்கும்.

டாக்டரம்மா பன்னிரண்டரைக்கு வந்தார். நேராகப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, அஞ்சலையிடம் விசாரித்தார். "சார் நல்லாத்தான் சொன்னாரும்மா, எனக்குத்தான் விளங்கல" என்றார் அஞ்சலை. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திருப்பிச் சொல்லச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"டிக் போட்டிருக்கேன் மேடம்" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் எண் இறங்கத் தொடங்கியது. மூன்றரைக்கு நூற்றுப் பத்து. கௌசல்யா கண் அயர்ந்தாள். இசிஜியில் கெடுதல் ஒன்றும் இல்லை, மறுநாள் காலை வரை வைத்திருந்து அனுப்புவோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து, போட்டுவிட்டு ஓடிய காய்கறிப் பையைக் கடைக்காரர் கொண்டுவந்து வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். டிக் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அஞ்சலை அங்கே, பெற்ற பெண்ணையே கொல்லப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் பதிவேட்டில் ஒரு டிக் அப்படித்தான் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தாலும் என் பக்கம் சுத்தம். அந்தச் சுத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

செவ்வாய் காலை டாக்டரம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே பதிவேட்டை விரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கேட்காமல் போட்டேன் மேடம் என்றேன். அவர் அந்த டிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். ஒற்றைக் கோடு போட்டு, 'கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"நீங்க பயப்படற ஆளுன்னுதான் சாவிய உங்ககிட்ட குடுத்தேன். பயம் அலமாரியோட நின்னுடக் கூடாது சார்" என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அந்த வாரம் அஞ்சலை வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. டீச்சரைப் பிடித்துக் கேட்டபோது, அப்பா பெங்களூரிலிருந்து மாத்திரையைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்லிவிட்டாராம். பிள்ளை மறுபடி ஜன்னலைத்தான் பார்க்கிறாள், ரோட்டைக் கடக்கும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். எனக்கு லாரி ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், ஆனால் பயத்தில் முடிவு செய்ய வேண்டாம், நீங்கள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஊருக்குள் விசாரித்துக் கொல்லிக்கு, அதாவது அவர்கள் வயலுக்கு, போனேன். அஞ்சலை மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கரன்ட்டுக்காகக் காத்திருந்தார். கௌசல்யா கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் குச்சியால் மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அஞ்சலை எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். முகம் இறுகியிருந்தது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. உங்கள்மேல் தப்பில்லை, அன்றைக்கு உங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை, சொன்னதாக நோட்டில் போட்டுக்கொண்டேன் என்றேன். அவர் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நானும் எதிரே உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்ததும், திரும்பவும் முதலிலிருந்து சொல்லுங்கள் சார் என்றார். இந்தத் தடவை ஏரியை விட்டுவிட்டு, டாக்டரம்மாவின் இரண்டு விரலையே காட்டினேன். மெதுவாகச் சொன்னேன். மாத்திரை ரசாயனத்தைக் கொண்டுவருவதில்லை, இருப்பதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. நான்கு மணி நேரம், அவ்வளவுதான். சேமிக்க முடியாது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் வராது, கெடுதல்தான் வரும். அப்போது, பாசனத்துக்கென்று நாளில் சில மணி நேரம் மட்டும் விடுகிற மூன்று பேஸ் கரன்ட் வந்து, மோட்டார் உறுமிக் குழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அஞ்சலை எழுந்து மடையை மாற்றிவிட்டு வந்து நின்றார். நான் கேட்காமலே திருப்பிச் சொன்னார்.

"அப்ப இது தண்ணி இல்ல சார், கரன்ட்டு. மூணு பேஸு வர்ற நேரத்துக்குள்ள பாய்ச்சிக்கணும். நாளைக்குன்னு புடிச்சி வெச்சிக்க முடியாது. வோல்டேஜ் ஏத்தி வுட்டா மோட்டார் புகைஞ்சிடும். அன்னிக்கு அவ நெஞ்சுல ஓடினது அதான்."

இத்தனை வருடத்தில் நான் கேட்ட விளக்கங்களிலேயே அதுதான் நல்ல விளக்கம். பிறகு ஓய்வு பெறும்வரை அதையேதான் எல்லோருக்கும் சொன்னேன், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர்கள் திருப்பிச் சொல்லக் காத்திருந்தேன். கணவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார் அஞ்சலை. சொன்னபடி வந்தார். டாக்டரம்மா மறுபடி சிறிய அளவிலிருந்து தொடங்கினார். அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, பெண் உள்ளூரிலேயே படித்தாள்.

ஆனால் நான் கட்டத்தைச் சேர்த்தது அஞ்சலைக்காக இல்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது, சும்மா போகக் கூடாதே என்று கௌசல்யாவிடம் போய் நின்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாள். நீ சொல் பார்க்கலாம் என்று, விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, அளவு மீறக் கூடாது, நாளு முடிஞ்சா அதோட வேலையும் முடிஞ்சிதுன்னு சொன்னீங்க. அப்ப பஸ்ஸு ஹாரன் அடிச்சிது. நீங்க ஓடுங்க ஓடுங்கன்னீங்க."

சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. கவனம் இல்லை என்று நாங்கள் மருந்து கொடுத்த பிள்ளை. ஒரு வார்த்தை விடாமல் வைத்திருந்தாள்.

தெரிந்துமா நான்கையும் விழுங்கினாய் என்று கேட்டேன்.

"அம்மா கையில வெச்சிக்கினு நின்னாங்க. நீங்க அம்மாகிட்டதான் சொன்னீங்க, என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி குச்சியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் காலை ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தைப் போட்டேன். முதல் கட்டம் பெற்றோருக்கு. இரண்டாவது கட்டம், அந்த மாத்திரையை விழுங்கப் போகிற பிள்ளைக்கு. வீடியோவை அனுப்பட்டும், பதிவேடு கம்ப்யூட்டருக்குப் போகட்டும். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடாதே அம்மா. அதில் கேட்காமல் டிக் போடவும் போடாதே.